கூட்டினால் ஜோடி வராது

விண்ணமங்கலம் தாண்டிய பிறகுதான் கையில் இருந்த அப்பரைப் பைக்குள் போட்டேன். அதுவரை அதைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறேன். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். தோலை வெட்டி, தைத்து, கயிறு கோர்க்கும் கண்ணிகள் அடித்து முடித்திருப்பார்கள். அடியில் சோல் மட்டும் இருக்காது. ஆம்பூரில் பல ஃபேக்டரிகள் அதைத்தான் செய்து கப்பலேற்றிக்கொண்டிருந்தன. என் கையில் இருந்தது பழுப்பு நிறம், நாற்பத்தொன்றாம் சைஸ், இடது கால். அதற்கு வலது கிடையாது.

கேட்டில் செக்யூரிட்டி அதைப் பார்த்தான். சாயங்காலம் வெளியே போகிறவர்களின் பை, டிபன் பாக்ஸ், சில சமயம் குடையைக்கூட விரித்துப் பார்க்கிறவன் அவன். ஒரு துண்டுத் தோல் வெளியே போனாலும் அவன் வேலை போய்விடும்.

"இன்னாப்பா அது கையில?"

"லெஃப்ட்டு."

"ரைட்டு எங்க?"

"அதாண்ணா பிரச்சனையே."

அவன் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தான். "ஒத்தைக் கால எட்துனு போய் இன்னா பண்ணப்போற? நொண்டிக்குக் கல்யாணமா? போ, போ." இரண்டும் இருந்தால் திருட்டு. ஒன்று மட்டும் இருந்தால் குப்பை. அவனுக்குத் தெரிந்திருந்த இந்த விஷயத்தை ஒரு கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கத்தான் எனக்கு அந்த வாரம் முழுக்கப் போனது. புரியவைத்து முடித்த அன்றே என் நாற்காலியும் போனது.

நெடுஞ்சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. பாதி ரோடு தார், பாதி ரோடு செம்மண். லாரிகள் ஒரே பக்கமாக இரண்டு திசையிலும் போய்க்கொண்டிருந்ததால் நான் ஜல்லிக் குவியல்களின் மேல் ஏறி இறங்கி நடந்தேன். எங்கே போகிறேன் என்று முடிவு செய்யவில்லை. வாணியம்பாடிப் பக்கம் திரும்பியதற்குக் காரணம், கேட்டை விட்டு வெளியே வந்தபோது அந்தப் பக்கம்தான் வெயில் முதுகில் இல்லாமல் முகத்தில் அடித்தது. யாரும் என் முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கண்ணைச் சுருக்கிக்கொள்ள அது வசதியாக இருந்தது. அவ்வளவுதான்.

நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். லாரியில் கிளீனராகப் போனேன், ஓசூரில் டைல்ஸ் ஒட்டினேன், பேரணாம்பட்டில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் பக்கத்தில் இரண்டு வருஷம் நின்றேன். டிரம் என்பது வீடு உயரத்துக்கு இருக்கும் மரப்பீப்பாய். தோலையும் சாயத்தையும் உள்ளே போட்டுச் சுற்றவிடுவார்கள். அங்கே கை நகமெல்லாம் நிறம் மாறிப்போனதும் பெங்களூருக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் இன்ஸ்டிடியூட்டில் பெருக்குவது, தண்ணீர் கேன் மாற்றுவது என்று சேர்ந்தேன். கேன் மாற்றுகிறவனை வகுப்பிலிருந்து யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். கேனைக் கவிழ்த்துவிட்டு, அது 'குளுக் குளுக்' என்று இறங்கும்வரை நின்று போர்டைப் பார்ப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் பைத்தான் என்ற மொழியில் கொஞ்சம் எழுதக் கற்றுக்கொண்டேன். போர்டில் பாதியில் அழித்தால் எனக்கும் பாதியோடு நிற்கும். அங்கிருந்து கிளம்பும்போது பைத்தான் ஏற்றிய ஒரு சிடி கிடைத்தது. அதுதான் என் படிப்புச் சான்றிதழ். அன்று அதுவும் பையில் இருந்தது.

ஆம்பூர் ஃபேக்டரியில் நான் சேர்ந்தது பேக்கிங்கில், பெட்டி தூக்க. கம்ப்யூட்டர் ரூமில் டேட்டா என்ட்ரி பார்த்த பெண் பிரசவத்துக்குப் போனபோது, எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்று யாரோ மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார்கள். உட்கார வைத்தார்கள். முதுகு சாயும் நாற்காலி, மேலே ஃபேன், தோல் வாசனை இல்லாத ரூம். அதற்கு முன் எந்த வேலையிலும் எனக்கு உட்காரும் இடம் இருந்ததில்லை. அந்தப் பெண் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்ததும் அந்த நாற்காலியை எனக்கே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். வேறு எந்த வேலையிலும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

விஷயம் இதுதான். ஒரு பழுப்பு ஷூ ஆர்டர். வலது காலை வெட்டும் அச்சுக்கத்தி ஒன்றில் ஒரு சின்ன மூளி விழுந்திருந்ததை யாரும் சில நாள் பார்க்கவில்லை. அதில் வெட்டிய வலதுகளின் ஓரத்தில் கீறல். பரிசோதனையில் அவற்றைத் தூக்கிப் போட்டார்கள். கூட வந்த இடதுகள் நல்லபடியாக, ஜோடி இல்லாமல் நின்றுவிட்டன. மற்றக் குறைகளால் சில இடதுகள் விழுந்ததில் கொஞ்சம் வலதுகளும் தனியாக நின்றன. இப்படித் தனியாக நிற்பதைச் சிங்கிள் என்போம். இடது சிங்கிள்கள் நீலப் பெட்டியில், வலது சிங்கிள்கள் சிவப்புப் பெட்டியில். அவற்றைப் பார்த்துக்கொண்டதும் ஜோடி சேர்த்துக் கட்டியதும் ஒரு அக்கா. நாட்றம்பள்ளிப் பக்கம் ஏதோ ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. வாயில் எந்நேரமும் ஒரு நக்கல்.

ஆர்டருக்கு அறுநூறு ஜோடி குறைந்தது. புதிதாக வெட்டலாமென்றால் அதே தோல் மிச்சமில்லை. சிங்கிள்களைச் சேர்த்தால் எத்தனை ஜோடி தேறும் என்று மேனேஜர் கேட்டார். பெட்டியைக் கொட்டிக் கட்டிப் பார்க்க நாலைந்து நாள் ஆகும். அவருக்கு உடனே தெரிய வேண்டும். நீலப் பெட்டிக்கு ஒரு எண்ணிக்கை, சிவப்புப் பெட்டிக்கு ஒரு எண்ணிக்கை என்று சைஸ் வாரியாக எண்ணி இரண்டு ஃபைல்களில் அடித்து வைத்திருந்தேன்.

"சார், ப்ரோகிராம் எழுதிடுறேன் சார். அஞ்சு நிமிஷம்" என்றேன்.

அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பைத்தானில் டிக்ஷனரி என்று ஒன்று உண்டு. அகராதியில் ஒரு சொல்லைத் தேடினால் எதிரே அதன் பொருள் இருக்கும் அல்லவா, அதுபோல இதில் ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்கு எதிரே வைத்த மதிப்பைச் சொல்லும். என் இடது டிக்ஷனரியில் நாற்பத்தொன்று என்று கேட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு என்று வரும். வலது டிக்ஷனரியில் அதே நாற்பத்தொன்றைக் கேட்டால் நாற்பது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு 'அப்டேட்' என்று ஒரு கட்டளை இருப்பது எனக்குத் தெரியும். பெங்களூரில் அது போர்டில் இருந்த அன்று நான் கேன் மாற்றியிருக்கிறேன். போட்டேன். நாற்பத்தொன்றுக்கு நேராக நாற்பது என்று வந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு இடதுகளைக் காணவில்லை.

திரும்ப ஓட்டினேன். நாற்பது. ஃபைலைத் திறந்து பார்த்தேன், இருநூற்றுப் பன்னிரண்டு அப்படியே இருந்தது. மறுபடி ஓட்டினேன். நாற்பது. எரர் என்று ஏதாவது சொன்னாலாவது அதைப் பிடித்துத் தொங்கலாம். ஒன்றும் சொல்லாமல், நல்ல பிள்ளை போல, விடையைக் கொடுத்துவிட்டு நிற்கிறது. நாற்பத்தைந்தாம் சைஸுக்கு மட்டும் இடது முப்பத்தொன்றும் பத்திரமாக இருந்தது. அந்த சைஸில் வலது ஒன்றுகூடக் கிடையாது என்பதைக் கவனித்த பிறகுதான் விளங்கியது: இரண்டு டிக்ஷனரியிலும் ஒரே பெயர் இருந்தால் அப்டேட் பழைய மதிப்பைத் தூக்கி வெளியே போட்டுவிட்டுப் புதியதை வைத்துவிடும். வீட்டுக்காரர் கேட்காமலே பழைய குடித்தனக்காரன் சாமான்களைத் தெருவில் வைப்பது மாதிரி. போனவனைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க மத்தியானச் சாப்பாடு உட்பட ஒரு முழு நாள் போனது. மேனேஜர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "அஞ்சு நிமிஷம் ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஃபேக்டரியில் இன்டர்நெட் கிடையாது. வேலை விட்டதும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேள்வியை அடித்தேன். என்னைப் போலவே எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். பதில் சொன்னவர்களும் கொட்டிக் கிடந்தார்கள். ஒருவர் மூன்று வரியில் எழுதியிருந்தார், இன்னொருவர் அதையே ஒரு வரியில் எழுதி முதல் ஆளைக் கிண்டல் செய்திருந்தார். ஆனால் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள்: இரண்டு பக்கமும் ஒரே பெயர் இருந்தால் மதிப்புகளைக் கூட்டு. கடைச் சரக்கு, ஓட்டு எண்ணிக்கை, பழம், புத்தகம். உலகம் முழுக்கக் கூட்டத்தான் ஆசைப்பட்டது. நானும் கை வலிக்க எழுதிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் கூட்டல் வேலை செய்தது. நாற்பத்தொன்றுக்கு இருநூற்று ஐம்பத்திரண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வராத குறை. எல்லா சைஸும் சேர்த்து ஆயிரத்து இருநூற்று எண்பது கால். இரண்டால் வகுத்தால் அறுநூற்று நாற்பது.

இதை இப்போது படிக்கிறவர் சிரிக்கலாம். ஆனால் அந்த ஃபேக்டரியில் எல்லாக் கணக்கும் கால் கணக்குத்தான். தையல் லைனிலும் பரிசோதனை மேஜையிலும் காலை எண்ணி, இரண்டால் வகுத்து, ஜோடி என்று போர்டில் எழுதுவார்கள். லைனில் அது சரி. அங்கே இடதும் வலதும் ஒன்றின் பின்னால் ஒன்றாகவே வரும். வருஷக்கணக்காக வகுத்து வகுத்துக் கைப்பழக்கம் ஆகிவிட்டதால், சிங்கிள் பெட்டிக்கும் அதே கை நீண்டது. என் கை மட்டுமல்ல.

"எவ்ளோப்பா?" என்றார் மேனேஜர்.

"அறுநூத்து நாப்பது சார்."

"ஜோடி?"

"ஜோடி சார்."

அவர் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். பதினெட்டு வருஷமாக ஷூ செய்கிற ஆள். வேண்டிய எண்ணைவிட நாற்பது கூடுதலாக, அச்சடித்து வந்திருந்தது. அப்படியே சென்னைக்குப் போன் போட்டார். "சிங்கிள்ஸ்லயே கவர் ஆயிடும் சார். சிஸ்டம்ல பாத்தாச்சு" என்றார். போனை வைத்துவிட்டு என் தோளில் தட்டினார். "ஒண்ணாந்தேதிலேர்ந்து நீ இங்கியே உக்காந்துக்கோ. பேக்கிங் பக்கமே போக வேணாம்."

அன்று மத்தியானம் டீ குடிக்க எழுந்தபோது நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனேன். யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று.

சாயங்காலம் சிங்கிள் ரேக்குக்குப் போனேன். ஜோடி கட்டுவது எப்படிப் போகிறது என்று பார்க்கலாம் என்ற பெருமைதான். அக்கா நாற்பத்தொன்றாம் சைஸை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாடா கம்ப்யூட்டரு. எவ்ளோ கட்டணும்னு எழுதிக் குட்த்த?"

"நாப்பத்தொண்ணுல நூத்தியிருபத்தாறுக்கா."

"சரி. நீலம் கீது." காலால் நீலப் பெட்டியைத் தள்ளினார். வாய் வரைக்கும் நிறைந்திருந்தது. "செவப்பு கீது." சிவப்புப் பெட்டியில் அடி மட்டும் மூடியிருந்தது. "நூத்தியிருபத்தாறு ரைட்டு வேணும். நாப்பதுதான் கீது. மீதியக் கம்ப்யூட்டர்லேர்ந்து எட்துக் குடு, கட்டுறேன்."

நான் பெட்டிகளைப் பார்த்தபடி நின்றேன். நாற்பது வலது. அதற்கு மேல் ஒரு ஜோடிகூட எந்தக் காலத்திலும் வராது. இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தாலென்ன, இரண்டாயிரம் இருந்தாலென்ன? கூட்டுவதற்கு இங்கே ஒன்றுமே இல்லை. இரண்டில் எது குறைவோ அதுதான் ஜோடி. நாற்பது.

நாற்பது! முதல் நாள் அப்டேட் கொடுத்த விடை அதுதான். அநேகமாக எல்லா சைஸிலும் வலதுதான் குறைவு என்பதால், இடதை அழித்துவிட்டு வலதை வைத்த அந்தத் தப்பான ப்ரோகிராம், நாற்பத்தைந்து போன்ற ஓரிரண்டு சைஸ் தவிர, சரியான எண்களையே காட்டியிருக்கிறது. அதைத் தப்பு என்று திட்டி, ஊர் உலகத்தையெல்லாம் விசாரித்து, நன்றாக ஓடக்கூடிய தப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். எனக்கு அந்தப் பெட்டியை எட்டி உதைக்கத் தோன்றியது.

"இன்னாடா, பேயறைஞ்சா மாதிரி நிக்கிற?"

"நாப்பதாவது கட்டிடுக்கா."

"நாப்பதா? இங்க வா." ஜன்னல் பக்கம் கூப்பிட்டு ஒரு கையில் இடதும் ஒரு கையில் வலதுமாக வெளிச்சத்தில் பிடித்தார். "இது செம்மண்ணு. இது காப்பித்தூளு. ஒரே ஆளு ரெண்டையும் மாட்டினு சர்ச்சுக்குப் போவானா? கர்த்தரே சிரிப்பாரு."

டிரம் பக்கத்தில் இரண்டு வருஷம் நின்றவன் நான். ஒரு டிரம்மில் வந்த பழுப்பு அடுத்த டிரம்மில் வராது என்பது என் நகத்துக்கே தெரியும். ஒரு டிரம்மில் ஒன்றாக வந்த தோலுக்கு ஒரு லாட் நம்பர். அந்த நம்பர் ஒவ்வொரு அப்பரின் உள்ளேயும் வெள்ளிப் பேனாவால் எழுதியிருக்கும். என் டிக்ஷனரியில் சைஸ் மட்டும்தான் பெயராக இருந்தது. சைஸும் லாட்டும் சேர்ந்து இருந்திருக்க வேண்டும்.

முதலில் குறைந்ததை எடுக்கும்படி மாற்றினேன். ஓடியது, நடுவில் நின்றது. 'கீ எரர்' என்று சொல்லி நாற்பத்தைந்தைக் காட்டியது. அதாவது, வலது டிக்ஷனரியில் அப்படி ஒரு பெயரே இல்லையாம். இல்லை என்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே! ஒரு ஆள் வேலைக்கு வரவில்லை என்றால் லைனையே நிறுத்துவார்களா? அன்று தேவையானபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்று தேவையில்லாமல் இவ்வளவு ரோஷம். பெயர் இல்லாவிட்டால் பூஜ்யம் கொடு என்று கேட்க வேறு ஒரு வழி இருந்தது. அதைத் தேட மறுபடி பிரவுசிங் சென்டர். மொத்தம் இருநூற்று முப்பது ஜோடி வந்தது.

பிறகு லாட். அதற்காக அத்தனை அப்பர்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே எழுதியதைப் படிக்க வேண்டியிருந்தது. நானும் அக்காவும் இரண்டு நாள் உட்கார்ந்தோம். அவர் படிக்க, நான் எழுத. வெள்ளி மை பாதி அழிந்திருந்தது. "இது மூணா எட்டா?" என்பார். "நீதான்கா பாக்குற." "எனக்குக் கண்ணு போய்ட்டா உன் கம்ப்யூட்டரு கண்ணாடி வாங்கித் தருமா?" இரண்டாம் நாள் மத்தியானத்துக்குமேல் அவர் நக்கலைக்கூட நிறுத்திவிட்டார். அடித்து, ஓட்டினேன்.

ஐம்பத்தெட்டு.

இந்த முறை எங்கேயும் நிற்கவில்லை. எதையும் அழிக்கவில்லை. நான் நாலைந்து சைஸை நேரில் போய் எடுத்துப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. என் வாழ்நாளில் நான் முழுதாகச் சரியாகச் செய்த முதல் வேலை அது. அதை எடுத்துக்கொண்டு போகத்தான் கால் வரவில்லை.

நிறத்தைக் காட்டுவதற்காக நாற்பத்தொன்றாம் சைஸில் ஒரு இடதையும் ஒரு வலதையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போனேன். அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"செவ்வாக்கிழம அறுநூத்து நாப்பதுன்ன. நடுவுல வந்து இருநூத்து முப்பதுன்ன, போய் நல்லா பாருன்னேன். இப்ப அம்பத்தெட்டு. இன்னும் ரெண்டு நாள் விட்டா நானே உனக்கு ஜோடி தரணும் போலருக்கே?"

"சார், மொதல்ல கூட்டிட்டேன் சார். ஜோடிக்குக் கூட்டக் கூடாது."

"கூட்டக் கூடாதுன்னா ஏன்யா கூட்டுன?"

உலகமே கூட்டியது என்று சொல்ல முடியுமா? கையில் இருந்த இரண்டையும் மேஜைமேல் வைத்தேன். "பாருங்க சார். ஒண்ணு செவக்குது."

அவர் பார்க்கவில்லை. "நான் மேல சொல்லிட்டேன். கண்டெய்னர் புக் ஆயிடுச்சு. பழைய ப்ரோகிராம் கீதா?"

"இருக்கு சார்."

"அத ஓட்டி, புதுசா பிரிண்ட் எடு."

"எடுக்கலாம் சார். ஆனா அதனால பெட்டில ரைட்டு அதிகமாயிடாது சார்."

அவர் என் தாளை மடித்து மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். என்மேல் கோபமா, மூளி விழுந்த கத்திமேலா, தன்மேலேயா என்று எனக்குத் தெரியவில்லை. அறுநூறைச் சொன்னது அவர் வாய். மேலே இருப்பவர்களுக்கு நான் யாரென்றே தெரியாது. அது எனக்கும் புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் குறையவில்லை.

"ஒண்ணாந்தேதி ஒரு பையன் வர்றான். டிப்ளமா முடிச்சவன், ஓனருக்குத் தெரிஞ்சவங்க பையன். அவன் பாத்துப்பான். நீ பேக்கிங்குக்குப் போ."

"இந்த ப்ரோகிராம் சரியா இருக்கு சார்."

"சரியா இருந்து? எனக்கு அறுநூறு வேணும்யா. உன்னோடது சரியா இருந்து நான் இன்னா பண்றது?"

வலது அப்பரை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார். ஏன் அதை மட்டும் என்று தெரியாது. வலதுதான் பஞ்சம் என்பது மட்டும் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். நான் இடதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கம்ப்யூட்டர் ரூமில் என் சிடியை எடுத்தேன். அக்கா ரேக்கில் இருந்தார்.

"பேக்கிங்கா?"

"இல்லக்கா. போறேன்."

"பைத்தியமா நீ? நாலு பெட்டி தூக்குனா கை தேஞ்சிடுமா?"

"தூக்கலாம். அந்தப் பையன் இதே பெட்டிய எண்ணி, கூட்டி, ரெண்டால வகுப்பான். நான் அதப் பாத்துனு நிக்கணும்."

"நின்னா இன்னா? நான் நிக்கல?" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நூலைப் பல்லால் கடித்தார். "போ. போய்ச் சாப்புடு மொதல்ல."

வாணியம்பாடி வரும்வரை மனசுக்குள் அதே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இன்னும் சின்னதாக எழுதலாம் என்று தோன்றியது. மூன்று வரியில் முடியும். முதல் நாளே ரேக்குக்குப் போய் இரண்டு பெட்டியையும் பார்த்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். அப்போது மேனேஜர் போன் போடுவதற்கு முன் ஐம்பத்தெட்டு என்று சொல்லியிருப்பேன். அப்போதும் அவருக்குப் பிடித்திருக்காது. ஆனால் நாற்காலி இருந்திருக்கும். இருந்திருக்குமா? டிப்ளமா பையன் எப்படியும் வந்திருப்பான். இதை எந்தப் பக்கம் போட்டுக் கணக்குப் பார்த்தாலும் எனக்குப் பூஜ்யம்தான் வந்தது. ஸ்டேஷனில் பெஞ்சு கிடைத்தது, படுத்தேன்.

காலையில் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் ஒரு மூன்று சக்கர வண்டி நின்றது. அதில் நாலு சாக்கு மூட்டை. ஒரு மூட்டையின் வாய் பிரிந்து தோல் நாக்குகள் வெளியே தெரிந்தன. எல்லாம் அப்பர். வண்டிக்காரர் வெள்ளைத் தொப்பி வைத்த வயதான பாய். டீயை ஆற்றிக்கொண்டே என் பையைப் பார்த்தார். ஜிப் மூடாமல் அந்தப் பழுப்பு மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, அது எந்தக் கால்?"

"லெஃப்ட்டு பாய்."

"சே, லெஃப்ட்டா!" உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஊர்ல ஒருத்தன்கிட்டயும் ரைட்டு இல்ல. ஒரே பேஜாராப் போச்சு."

ஃபேக்டரிகள் கழித்துப் போடும் சிங்கிள்களை எடைக்கு வாங்கி, ஜோடி சேர்த்து, சோல் ஒட்டிச் சந்தையில் விற்கிறவர் அவர். ஜோடி சேர்க்கிற ஆள் ஊருக்குப் போய்விட்டானாம். "உனக்கு இந்த வேலை தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அந்த வாரத்தில் இதைத் தவிர நான் வேறு எதையும் செய்யவில்லை.

ஷெட் பக்கத்திலேயேதான். மூட்டைகளைத் தரையில் கொட்டினார். பழுப்பு, கறுப்பு, சாம்பல், ஒரு சிவப்பு, எத்தனையோ ஃபேக்டரி, எத்தனையோ லாட்.

"பாய், ஷேடு பாத்துச் சேக்கணுமா?"

"ஷேடா? அது எதுக்கு? எல்லாத்துக்கும் கறுப்பு அடிச்சிடுவோம்." மூலையில் ஒரு வாளியும் மேலே கட்டை பிரஷ்ஷும் இருந்தன. "சைஸு ஒண்ணா இருந்தா போதும்."

இரண்டு நாள் வெள்ளி மையைப் படித்தது ஞாபகம் வந்தது. அக்காவின் கண்ணும் ஞாபகம் வந்தது. சிரித்திருக்கலாம், வரவில்லை. பையிலிருந்து என் இடதை எடுத்துக் குவியலில் போட்டேன்.

"இதுல எவ்ளோ ஜோடி தேறும்?" என்றார் பாய்.

"ரைட்டு எவ்ளோ இருக்கோ அவ்ளோதான் பாய்."

"எண்ணிட்டா சொல்ற?"

"இன்னும் இல்ல."

"அப்ப எண்ணு."

உட்கார நாற்காலி இல்லை. சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, வலது கால்களை மட்டும் பொறுக்க ஆரம்பித்தேன்.